ஆறுமணிக்குருவிக்குப் புதுப்பெயர் எதற்கு?

புரட்டாதி கழிந்து ஐப்பசி பிறக்கும் நாட்களில், வடகீழ்ப் பருவமழை இன்னும் வலுக்காத வேளையில், இலங்கைத் தீவின் காடுகளிலும் மரமடர்ந்த வளவுகளிலும் ஒரு குரல் புதிதாகக் கேட்கத் தொடங்குகின்றது. இரண்டு சுரங்களாலான தெளிந்த சீழ்க்கையொலி அது. பொழுது புலரும்போது கேட்கும்; பின்னர் பகல் முழுவதும் அடங்கியிருந்து, பொழுது சாயும்போது மீண்டும் கேட்கும். குரலுக்குரிய பறவை எளிதிற் கண்ணிற்படுவதில்லை. பற்றைகளின் கீழே உதிர்ந்து கிடக்கும் சருகுகளைக் கிளறிப் பூச்சி புழுக்களையும் சிறு நத்தைகளையும் தேடித் தரையிலே தத்தித் திரிவது அதன் வழக்கம். ஏறத்தாழ 19 சென்ரிமீற்றர் நீளமும் ஐம்பது அறுபது கிராம் நிறையுமே கொண்ட அச்சிற்றுடலில் இயற்கை தன் வண்ணப் பேழையைக் கவிழ்த்திருக்கின்றது எனலாம். முதுகு பச்சை, சிறகிலும் பிட்டத்திலும் ஒளிரும் நீலம், மார்பு மங்கிய பொன்னிறம், தொண்டை வெண்மை, கண்ணினூடே செல்லும் கரும்பட்டை, அடிவயிற்றிலே குங்குமச் சிவப்பு, வாலோ இருப்பதும் இல்லாததும் ஒன்றென்னும்படி குறுகியது. ஆணும் பெண்ணும் ஒரே கோலத்தன. இத்துணை நிறங்களையும் பொருட்படுத்தாது, அது குரலெழுப்பும் வேளையைக் கொண்டே தமிழ் மக்கள் அதற்குப் பெயரிட்டனர். ஆறுமணிக்குருவி என்பது அப்பெயர்.

இப்பெயரை ஒதுக்கிவிடவேண்டும் என்னும் எண்ணம் கற்றோர் மத்தியில் வெவ்வேறு உருவங்களில் உலவுகின்றது. விஞ்ஞானம் பயின்றோர் சிலர், நாட்டுப் பெயர்கள் துல்லியமற்றவை என்றும், 'இந்தியப் பிட்டா' என்று ஆங்கிலப் பெயரை அப்படியே எழுத்துப்பெயர்ப்பதே அறிவியல் நெறி என்றும் கருதுகின்றனர். தமிழ்ப் பற்றுடையோர் சிலர், கடிகாரத்தின் மணிக்கணக்கைச் சுமந்து நிற்கும் ஒரு பெயர் பழந்தமிழ் மரபுக்கு ஒவ்வாதது என்றும், தூய சொல்லொன்றை ஆக்கவேண்டும் என்றும் வாதிக்கின்றனர். இவ்விரு சாராரும் ஒருவரையொருவர் எதிர்ப்பவர்போலத் தோன்றினும், அடிப்படையில் ஒரே இடத்திலேயே நிற்கின்றனர். மக்கள் கண்டும் கேட்டும் அறிந்த ஒன்றை அறிவெனக் கொள்ள இரு சாராரும் ஆயத்தமாயில்லை. முன்னவருக்கு அது பாமரத்தனம். பின்னவருக்கு அது கொச்சை.

முதலில் துல்லியம் பற்றிய வாதத்தை நோக்கலாம். விலங்கியலாளர் பெருமையுடன் எடுத்துக்காட்டும் இருசொற் பெயரீட்டின் தந்தையாகிய லின்னேயஸ், 1766ஆம் ஆண்டில் இப்பறவைக்குப் பெயரிட்டபோது அதனைக் காகச் சாதியிற் சேர்த்தார். 'குறுவாற் காகம்' என்று பொருள்படும் லத்தீன் பெயரே அன்று அதற்குச் சூட்டப்பட்டது. ஆசியக் காடுகளை ஒருபோதும் கண்டிராத அவர், சுவீடனில் இருந்துகொண்டே அதனை வகைப்படுத்தினார். பின்வந்த ஆங்கிலேயரோ அதனை 'கிரவுண்ட் த்றஷ்' என்று தம் நாட்டுப் பாடும் பறவையொன்றின் உறவாக்கினர். அது காகமுமன்று, த்றஷுமன்று. பாடும் பறவைகளின் பெருங்கூட்டத்திலிருந்து தொன்மையிலேயே பிரிந்த ஒரு கிளையைச் சேர்ந்தது. அக்கிளைக்குரிய உறவினர் பெரும்பாலோர் தென்னமெரிக்கக் காடுகளில் வாழ்கின்றனர். வன்னியில் விறகு பொறுக்கச் சென்ற எந்தச் சிறுவனும் இப்பறவையைக் காகமென்று மயங்கியிருக்கமாட்டான். இதனாற் லின்னேயஸின் பெருமை குறைந்துவிடாது. பெயர்கள் திருத்தப்பட்டுக்கொண்டே செல்வது விஞ்ஞானத்துக்கு இழுக்குமன்று. ஆனால், திருத்தப்பட்டுவரும் ஒரு பெயர்முறையின் பெயரால், இதுவரை திருத்தம் வேண்டாதிருந்த ஒரு பெயரைத் துல்லியமற்றதென்று தள்ளுவது எவ்வகை நியாயம்?

அதனினும் சுவையான செய்தி ஒன்றுண்டு. 1816ஆம் ஆண்டில் பிரெஞ்சுப் பறவையியலாளர் வியெய்யோ இப்பறவையைக் காகச் சாதியிலிருந்து பிரித்துத் தனிச் சாதியாக்கினார். அச்சாதிக்கு அவர் சூட்டிய பெயரே 'பிட்டா'. அது லத்தீனுமன்று, கிரேக்கமுமன்று, ஆங்கிலமுமன்று. தெலுங்கிலே சிறு பறவையைக் குறிக்கும் சாதாரணச் சொல் அது. ஆந்திர நாட்டிலே யாரோ ஒரு குடியானவன் காட்டைச் சுட்டிக்காட்டி 'பிட்ட' என்று சொன்னது ஐரோப்பிய நூல்களுக்குள் ஏறி, இன்று நாற்பதுக்கு மேற்பட்ட இனங்களைக் கொண்ட ஒரு குடும்பத்துக்கே பெயராகிவிட்டது. ஆக, 'நாட்டுப் பெயரை விட்டு விஞ்ஞானப் பெயரைக் கொள்க' என்று அறிவுரை கூறுவோர், தமிழரின் நாட்டுப் பெயரை விட்டுத் தெலுங்கரின் நாட்டுப் பெயரைக் கொள்ளுமாறுதான் தம்மையறியாது கூறுகின்றனர். பரிசின் வழியாகவும் இலண்டனின் வழியாகவும் சுற்றி வந்தமையால் ஒரு திராவிடச் சொல்லுக்கு விஞ்ஞான முத்திரை கிடைத்துவிடுகின்றது. வீட்டுக் கோடியில் நின்ற சொல்லுக்கு அது கிடைப்பதில்லை. விஞ்ஞானத்தின்மேல் உள்ள மதிப்பே இதற்குக் காரணம் என்று கொள்வதற்கில்லை. சொல் எக்கப்பலில் வந்திறங்கியது என்பதன்மேல் உள்ள மதிப்பு இது.

குடும்பம் முழுவதையும் குறிக்கப் 'பிட்டா' என்னும் சொல்லை ஆள்வதில் தவறில்லை. மலாயாவிலும் போர்ணியோவிலும் நியூகினியிலும் வாழும் அதன் உறவினங்களுக்குத் தமிழில் வழக்குப் பெயர்கள் இல்லை. அவற்றைப் பற்றி எழுதுவோர் அச்சொல்லைக் கொள்ளட்டும். ஆனால் இலங்கையிலே காணப்படும் பிட்டா இனம் ஒன்றேயொன்றுதான். ஒரு பெயர் பலவற்றைக் குறித்து மயக்கந்தரும் என்னும் வழக்கமான ஆட்சேபம் இங்கே எழவே இடமில்லை. அவ்வாறிருக்க, மயக்கமற்ற பெயரை மாற்றி மயக்கமின்மையைத் தேடுவது வேடிக்கையானது. மேலும், 'இந்திய' என்னும் அடைமொழியும் சற்றுச் சிந்திக்கற்பாலது. இப்பறவை இமாலய அடிவாரத்திலும் நடு இந்தியாவிலும் மேற்குத் தொடர் மலைகளின் ஒரு பகுதியிலும் மேயிலிருந்து ஓகஸ்ற் வரையான மாதங்களில் கூடுகட்டிக் குஞ்சு பொரிக்கின்றது. பின்னர் இரவோடிரவாகப் பறந்து தென்னிந்தியாவுக்கும் இலங்கைக்கும் வந்து, அடுத்த ஏப்ரல் வரை தங்குகின்றது. ஆண்டில் ஏறத்தாழ ஏழு மாதங்களை இங்கு கழிக்கும் ஒன்றை விருந்தாளி என்றும் அயலது என்றும் பட்டியலிடுவதில் எத்துணை நியாயம் உண்டோ, அத்துணை நியாயமே அந்த அடைமொழியிலும் உண்டு.

இனி, தூய்மைவாதியின் ஆட்சேபம். அதில் ஓருண்மை இருக்கின்றது. பழந்தமிழர் காலத்தை நாழிகையாலும் யாமத்தாலும் அளந்தனர். பகலையும் இரவையும் சேர்த்து இருபத்துநான்கு மணியாகப் பகுத்து 'ஆறு மணி' என்று கூறும் வழக்கம் ஐரோப்பியக் கடிகாரத்தோடு வந்தது. கோயில் மணியும் தேவாலய மணியும் பாடசாலை மணியும் ஒலித்து, அவ்வொலி காலத்தின் அளவாகவே மாறிய பின்னரே இப்பெயர் பிறந்திருக்க முடியும். ஆகவே ஆறுமணிக்குருவி என்னும் பெயர் தொன்மையானதன்று. அதிகம் போனால் சில தலைமுறைகளே அதன் வயது. இதனை ஒப்புக்கொள்வதால் என்ன கெட்டுவிடும்? தமிழ் மக்கள் புதியதோர் அளவையைக் கைக்கொண்ட மாத்திரத்தே அதனைக் கொண்டு காட்டை அளக்கத் தொடங்கினர் என்பதற்கன்றோ இப்பெயர் சான்று! கடிகாரத்தைக் கச்சேரிக்கும் புகையிரதத்துக்கும் மட்டும் விட்டுவிடாமல், அதன் முள்ளோடு ஒரு பறவையின் தொண்டையைப் பொருத்திப் பார்த்திருக்கின்றனர். தூய்மையின் பெயரால் இப்பெயரை அழிப்பவர் மொழியைக் காப்பவரல்லர். அம்மொழி பேசியோர் கடந்த இரண்டு நூற்றாண்டுகளில் கண்ணும் காதும் உடையவராய் இருந்தனர் என்பதற்கான தடயத்தை அழிப்பவராவர்.

பெயர் எங்கே பிறந்தது என்பதையும் அப்பெயரே சொல்லுகின்றது. இமாலய அடிவாரத்தில், இப்பறவை கூடுகட்டும் யூன் மாதத்தில், சூரியன் ஐந்தேகால் மணியளவில் எழுந்து ஏழு மணி கழிந்த பின்னரே மறைகின்றது. இணைதேடும் அக்காலத்தில் பறவையும் வேளை பார்த்துக் குரல் கொடுப்பதில்லை; பகலிலும் நெடுநேரம் கூவிக்கொண்டிருக்கும். அங்குள்ளோர் அதனை 'ஆறு மணி' என்று அழைத்திருக்க நியாயமேயில்லை. இந்தி மொழியிலே அதற்கு 'நவரங்' என்று பெயர். ஒன்பது நிறமுடையது என்பது பொருள். மரக்கிளையிலமர்ந்து கூவும் பறவையைக் கண்ணாற் கண்டோர் இட்ட பெயர் அது. தெற்கிலோ நிலைமை வேறு. நிலநடுக்கோட்டுக்கு அண்மையிலுள்ள இப்பகுதியில், பறவை தங்கும் ஐப்பசி முதற் பங்குனி வரையான மாதங்களிலே, சூரியோதயமும் அத்தமனமும் ஆறு மணியிலிருந்து அரை மணித்தியால அளவே முன்பின்னாக விலகுகின்றன. கூடுகட்டும் கவலையற்ற அப்பருவத்தில் பறவை பெரும்பாலும் விடியலிலும் அந்தியிலும் மட்டுமே ஓரிரு தடவை குரல் கொடுத்து அடங்கிவிடும். பற்றைக்குள் மறைந்திருக்கும் அதனைக் காண்பது அரிது, கேட்பது எளிது. எனவே காதினாற் பிறந்த பெயர், குறிப்பிட்ட அகலக்கோட்டுக்கும் குறிப்பிட்ட பருவத்துக்கும் மட்டுமே பொருந்தும் பெயர், தமிழரிடையே வழங்கலாயிற்று. பறவையின் வலசை, அதன் குரலின் பருவ வேறுபாடு, புவியின் சாய்வு ஆகிய மூன்றும் அச்சொல்லினுள் அடங்கியுள்ளன. இத்தனையையும் 'இந்தியப் பிட்டா' என்னும் சொற்றொடரில் எவரும் கண்டுபிடிக்கமுடியுமானால் அது பாராட்டத்தக்க திறமையே.

இதனோடு தொடர்புடைய ஒரு வேடிக்கை. 1996ஆம் ஆண்டு மே மாதத்தில் இலங்கை அரசு மின்சாரத்தைச் சேமிக்கும் நோக்குடன் கடிகாரத்தை ஒரு மணித்தியாலம் முன்தள்ளியது. அவ்வாண்டு ஒக்டோபரில் அரை மணித்தியாலம் பின்னிழுத்தது. 2006 ஏப்ரலிற்றான் பழைய நேரம் மீண்டது. அப்பத்தாண்டுக் காலம் ஆறுமணிக்குருவி அரச நேரப்படி ஆறரை மணிக்குருவியாயிற்று. வன்னியின் ஒரு பகுதியில் மட்டும் பழைய நேரமே தொடர்ந்து வழங்கியமையால், அங்கு குருவியும் கடிகாரமும் முரண்படவில்லை. இரண்டு நேரங்களுக்கிடையே சோதனைச்சாவடிகளைத் தாண்டிப் பயணஞ் செய்த மக்களுக்கு இது வேடிக்கையாகத் தோன்றியிராது.

வேடிக்கையல்லாத இன்னொன்றும் உண்டு. போர்க்காலத்தில் வடக்கு கிழக்கின் பல ஊர்களில் மாலை ஆறு மணி என்பது ஊரடங்கின் தொடக்கமாக இருந்தது. படலைகள் சாத்தப்பட்டன, விளக்குகள் தணிக்கப்பட்டன, வளவின் எல்லையில் நின்று காட்டைக் கேட்பதற்கு எவருக்கும் மனமோ துணிவோ இருக்கவில்லை. கேட்ட ஒலிகளும் வேறு. இவ்வாறு ஒரு தலைமுறை வளர்ந்தது. அதன் பின்னர் இடப்பெயர்வும் முகாம் வாழ்க்கையும் புலப்பெயர்வும் தொடர்ந்தன. பறவையின் பெயரைப் பேரனுக்குச் சொல்வதற்கு ஒரு கிழவியும் ஒரு பேரனும் ஓர் அந்திப்பொழுதும் ஒரு வளவும் ஒரே இடத்தில் இருத்தல் வேண்டும். அந்நான்கும் ஒருங்கே வாய்க்காத இடங்களில் பெயர் அறுந்துபோயிற்று. புத்தகத்தில் இருந்திருந்தால் அது தப்பியிருக்கும். புத்தகம் எழுதவல்லோர் அதனைப் பெயரென்றே மதிக்கவில்லை.

இங்கே தமிழ்த்துறை சார்ந்தோரின் பொறுப்புச் சிறிதன்று. முல்லை, குறிஞ்சி, மருதம் என்று திணை வகுத்து, ஒவ்வொன்றுக்கும் உரிய புள்ளைக் கருப்பொருளாக மனனஞ் செய்து, பரீட்சையில் எழுதிப் புள்ளி பெறும் மாணவர், மண்டபத்துக்கு வெளியே கூவுவது எப்புள் என்று அறியார். அறியவேண்டுமென்று அவர்களுக்குக் கூறப்பட்டதுமில்லை. தமிழருக்கு இயற்கை பற்றிய அறிவு ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே முற்றுப்பெற்றுவிட்டது என்பது போலவும், அதனைப் போற்றுவதொன்றே எஞ்சியுள்ள பணி என்பது போலவும் விரிவுரைகள் நிகழ்கின்றன. ஆறுமணிக்குருவி என்றொரு பறவையைக் குறிப்பிட்டால், அது சங்க நூல்களில் உண்டா என்பதே முதல் வினாவாக எழுகின்றது. உண்டென்றால் அது தமிழ்ப் பறவை. இல்லையென்றால் விலங்கியற்றுறையினர் பார்த்துக்கொள்ளட்டும். சங்கப் புலவர் எவரும் இவ்வாறு நடந்துகொண்டவரல்லர். தமக்கு முந்திய நூலைப் புரட்டி அனுமதி பெற்றபின் நாரையையும் அன்றிலையும் அவர்கள் பாடியிருந்தால், போற்றுவதற்கு இன்று எதுவும் இருந்திராது.

இக்குற்றச்சாட்டுக்குப் புறநடைகள் உண்டு. பி. எல். சாமி 1976ஆம் ஆண்டில் வெளியிட்ட 'சங்க இலக்கியத்தில் புள்ளின விளக்கம்' பழம்பாடல்களையும் இக்கால விலங்கியலையும் அருகருகே வைத்து நோக்கிய நூல். மா. கிருஷ்ணன் காட்டிலே நாட்கணக்கில் அலைந்து கண்டவற்றைத் தமிழில் எழுதிக் காட்டியவர். எளிய பேச்சுவழக்குப் பெயர்களை ஆள்வதற்கு அவர் கூசியதில்லை. இருவரும் பல்கலைக்கழகத் தமிழ்த்துறைகளின் பேராசிரியர்களாக இருந்தவரல்லர் என்பது தற்செயல்தானா என்பதைப் பேராசிரியர்களே கூறட்டும்.

சொல்லாக்கம் என்னும் முயற்சியையே எதிர்ப்பதாக இவ்வாதத்தைத் திரித்துக் கொள்ளலாகாது. இலங்கைத் தமிழர் அத்துறையில் ஆற்றிய பணி பெரிது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் மானிப்பாயில் மருத்துவர் கிறீன் மேலைநாட்டு மருத்துவத்தைத் தமிழிற் கற்பித்தபோது, வழக்கிலுள்ள தமிழ்ச் சொல்லையே முதலில் நாடினார். அது கிடையாதவிடத்தே பிறமொழிக்குச் சென்றார். 1936இல் சென்னையிற் கூடிய சொல்லாக்க மாநாட்டுக்குத் தலைமை தாங்கிய விபுலாநந்த அடிகள் தாமே விஞ்ஞானப் பட்டதாரி. சுதந்திரத்தின் பின்னர் அரசகரும மொழித் திணைக்களம் வெளியிட்ட சொற்றொகுதிகள் இல்லாதிருந்தால், தமிழ் மாணவர் ஒருவரும் தாய்மொழியில் உயர்தர விலங்கியல் பயின்றிருக்க முடியாது. நுணுக்குக்காட்டியின் கீழ்த் தோன்றும் உறுப்புக்குக் கிராமத்தில் பெயர் இராது. அதற்குச் சொல் ஆக்கவே வேண்டும். ஆனால் வேலியோரத்துக் குருவி நுணுக்குக்காட்டியின் கீழ்த் தோன்றியதன்று. அதற்கும் ஆக்குவேன் என்று புறப்படுவது கிறீன் வகுத்த ஒழுங்கைத் தலைகீழாக்குவதாகும். ஆக்குவதற்கு மேசை போதும். தேடுவதற்கு நடக்கவேண்டும் என்பதைத் தவிர, இப்போக்குக்கு வேறு காரணம் புலப்படவில்லை.

பெயர் போனால் என்ன, பறவை இருக்கின்றதே என்று கேட்போர் உளர். உண்மைதான், ஆறுமணிக்குருவி அழிவின் விளிம்பில் நிற்கும் இனமன்று. உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் பட்டியலில் அது அச்சுறுத்தல் குறைந்த இனமாகவே உள்ளது. இல்லாத ஆபத்தைக் கூறி இரக்கந் தேடுதல் வேண்டாம். ஆயினும் அதன் வாழ்க்கை ஒரு மிக எளிய பொருளை நம்பியிருக்கின்றது: நிழலில் கிடந்து உக்கும் சருகு. காடு வெட்டப்பட்டாற் சருகு போகும் என்பது எவரும் அறிந்தது. வளவுகளிலும் அது போய்க்கொண்டிருக்கின்றது என்பதை எவரும் பேசுவதில்லை. குழை தாழ்த்தித் தோட்டஞ் செய்த யாழ்ப்பாணத்து விவசாயிக்கு உதிர்ந்த இலை செல்வமாயிருந்தது. உரப்பை வந்தபின் அது குப்பையாயிற்று. இன்று கோடிப்புறத்து மர நிழலையும் முற்றம்போற் கூட்டிக் குவித்துத் தீயிடுவதும், சீமெந்து பூசி மூடுவதும் நாகரிகம் எனப்படுகின்றன. நூற்றுக்கணக்கான மைல்களை இருளில் கடந்து, களைத்து, சில வேளைகளில் வெளிச்சத்தால் மயங்கி வீட்டு விறாந்தையிலேயே வந்து விழும் அப்பறவை, மறுநாள் காலையில் இரைதேட இறங்கும் நிலம் அதுதான். அவ்வாறு விழுந்ததைக் கையிலேந்திய ஒருவர் 'ஏதோ வெளிநாட்டுக் குருவி' என்று வியந்தால், அதனை எங்கே கொண்டுசென்று விடுவது என்று அவருக்கு எப்படித் தெரியும்? ஆறுமணிக்குருவி என்று அறிந்தவருக்கு அது கோடிப் பற்றைக்குரியது என்பதும் சேர்ந்தே தெரிந்திருக்கும்.

அறிவு எழுத்திலேறாத இடங்களில் அது இல்லையென்று கொள்வதன் விளைவுக்குத் தாய்லாந்திலிருந்து ஓர் எடுத்துக்காட்டுக் கூறலாம். ஆறுமணிக்குருவியின் உறவினங்களுள் ஒன்று பர்மாவின் தென்கோடியிலும் தாய்லாந்தின் தாழ்நிலக் காடுகளிலும் வாழ்வது. நீல முடியும் மஞ்சள் விலாவும் உடையது. 1875ஆம் ஆண்டில் அதனை விவரித்த ஹியூம், இங்கிலாந்திலே வங்கி நடத்திய பறவையார்வலராகிய கேர்ணி என்பவரின் பெயரை அதற்குச் சூட்டினார். அக்காட்டையே கண்டிராத வங்கியாளரின் பெயர் நிலைத்தது. காட்டில் வாழ்ந்தோர் வழங்கிய பெயர் உலகை எட்டவில்லை. 1952இன் பின்னர் அப்பறவை பற்றிய செய்தியின்மையால் விஞ்ஞானிகள் அது அற்றுப்போயிருக்கலாம் என அஞ்சினர். 1986இல் அது மீண்டும் கண்டுபிடிக்கப்பட்டதெனச் செய்தி பரவியது. கண்டுபிடிப்புக்கு வழிகாட்டியது பறவை வியாபாரிகளிடமிருந்து கிடைத்த தகவல். அஃதாவது, உலக விஞ்ஞானத்துக்கு இல்லாமற்போன காலம் முழுவதும், பொறி வைத்துப் பிடித்தோருக்கு அது இருந்துகொண்டேயிருந்தது. அவர்களிடம் எவரும் கேட்கவில்லை. கேட்ட காலத்தில் அதன் காடு பெரும்பாலும் எண்ணெய்ப்பனைக்கும் இறப்பருக்கும் பலியாகிவிட்டிருந்தது.

இலங்கைத் தமிழ்ப் பிரதேசங்களில் கேட்கப்படாமல் இருப்பவை எத்தனை! காட்டு மரங்களுக்குத் தமிழ்ப் பெயர் இன்னும் உயிரோடிருக்கின்றது. பாலையையும் வீரையையும் முதிரையையும் வன்னியில் அறியாதார் இலர். மரம் விலைப்படும், விறகாகும், பழந்தரும். ஆகையாற் பெயரும் வாழும். உண்ணப்படாததும் கூட்டில் அடைக்கப்படாததும் பயிருக்குத் தீங்கு செய்யாததுமான ஒரு சிறு பறவைக்குப் பெயரிட்டுப் பேணியமை பயன் கருதாத அவதானம். அவ்வகைப் பெயர்கள் மட்டக்களப்பிலும் மன்னாரிலும் மலையகத் தோட்டங்களிலும் வெவ்வேறாக வழங்கக்கூடும். ஆறு மணி என்பதே எங்கும் உள்ளதா, வேறு பெயர் உண்டா, முதற்குரல் எம்மாதத்திற் கேட்கின்றது, அதனை விதைப்போடோ மழையோடோ தொடர்புபடுத்துகின்றனரா என்பவை ஒரு மாணவர் விடுமுறைக்கு ஊர் செல்லும்போது கேட்டு வரத்தக்க வினாக்கள். இதற்கு ஆய்வுகூடமும் வேண்டா. வெளிநாட்டு நிதியும் வேண்டா. கலைப்பீடத்தவர் கேட்டெழுதவும் விஞ்ஞானபீடத்தவர் பறவையை இனங்காணவும் இணைவதற்கு வளாகத்தில் ஒரு தெருவைக் கடந்தாற் போதுமானது. அத்தெருவை இதுவரை கடந்தோர் மிகச் சிலர். விஞ்ஞானபீடங்களிற் பட்டப்படிப்பு ஆங்கிலத்திற்கு மாறிவிட்ட பின்னர், பாடசாலையில் 'முள்ளந்தண்டுளி' என்று கற்ற மாணவர் பல்கலைக்கழகத்துட் புகுந்ததும் அச்சொல்லை வாசலிலே கழற்றிவைக்கின்றனர். பறவைப் பட்டியலை நிரப்புவதும் ஆங்கிலத்திலேயே நிகழ்கின்றது. ஊருக்குத் திரும்பிச் சென்று தாம் கண்டதைத் தாயாருக்குக் கூற அவர்களிடம் சொல் இல்லை. தாயாரிடம் இருந்த சொல்லை அவர்கள் கேட்டதுமில்லை.

இவ்வாறு கேட்டறிந்தவர் முன்னொருகாலத்தில் இருக்கவில்லையென்பதில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் இலங்கையில் அரச உத்தியோகம் பார்த்த எட்கார் லெயாட் என்னும் ஆங்கிலேயர் இத்தீவின் பறவைகளைச் சேகரித்து வரிசைப்படுத்தியவர்களுள் முன்னோடி. அவரிடம் முத்து என்றொரு பணியாளர் இருந்தார். காட்டையும் பறவையையும் அறிந்த அவரே லெயாட்டின் சிறந்த மாதிரிகள் பலவற்றைக் கொண்டுவந்து கொடுத்தவர். பருத்தித்துறையில் ஒரு காலைப்பொழுதில் அவர் கொணர்ந்த பழுப்பு மார்புடைய சிறிய ஈப்பிடிப்பான் விஞ்ஞானத்துக்குப் புதியதாக இருந்தது. 1854இல் அதனை விவரித்த லெயாட், நன்றியறிதலாக அதற்கு முத்துவின் பெயரையே இட்டார். 'மஸ்சிக்காப்பா முத்துயி' என்று உலகெங்குமுள்ள பறவை நூல்களில் இன்றும் அது அச்சாகின்றது. ஆறுமணிக்குருவியைப் போலவே அதுவும் வடக்கிருந்து வலசை வருவது. நிழலடர்ந்த இடத்தையே நாடுவது. முத்து அக்குருவிகள் இரண்டையும் அறிந்திருப்பார். லத்தீன் பெயரிலே அவர் இருக்கின்றார். அன்று காலையில் அந்த ஈப்பிடிப்பானைக் கையிற் பிடித்துக்கொண்டு படலையைத் திறந்து வந்தபோது, அதனை அவர் என்ன பெயரால் அழைத்தார் என்பது அப்பெயரில் இல்லை.